கறுப்புக்கொடி கட்டினால் யார் கணக்கில் குறையும்? ஓட்டுப் புறக்கணிப்பும் கடைப் புறக்கணிப்பும்

ஊருணிக்கரை

கல்லல் வட்டாரத்தில் ஒரு ஊராட்சி. மூன்று குக்கிராமம், இரண்டு பூத், பட்டியலில் 1,740 பேர். கண்மாயிலிருந்து ஊருணிக்கு வரும் வரத்துக்கால் நாலு இடத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. இரண்டு கட்சி ஆட்சியிலும் மனுக் கொடுத்தாச்சு. வரும் தேர்தலில் ஓட்டுப் போடுவதில்லை என்று ஊர்ப் பொட்டலில் பேசி முடிவாகியிருக்கிறது. வீட்டுக்கு வீடு கறுப்புக்கொடி, வாக்காளர் அட்டையையும் ரேஷன் கார்டையும் தாசில்தாரிடம் ஒப்படைப்பது. கூடவே, ஆக்கிரமிப்புக்குத் துணைநிற்கும் கட்சிக்காரரின் மளிகைக்கடையிலும் பெட்ரோல் பங்கிலும் வாங்குவதில்லை என்று இளவட்டங்கள் சொல்கிறார்கள். இதில் எது வேலைக்கு ஆகும், எங்கே சறுக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதினேழு_சி

முதலில் அட்டை விஷயம். ஒப்படைப்பதால் சட்டப்படி எதுவும் ஆகாது. ஓட்டுரிமை பட்டியலில் இருக்கும் பெயரில்தான் இருக்கிறது, அட்டையில் இல்லை. தாசில்தார் பெரும்பாலும் வாங்க மாட்டார். அலுவலக வாசலில் போட்டுவிட்டு வந்தால், பிறகு வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8 எழுதிக்கொண்டு அலைய வேண்டும். ரேஷன் கார்டு தொலைந்தால் அரிசிக்கு அலைச்சல். படம் எடுக்கத்தான் அட்டை வேண்டுமென்றால் நகல் எடுத்துப் போடுங்கள்.

பூத்தில் என்ன நடக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு ஆள் வராவிட்டாலும் பூத் மூடாது. தேர்தல் நேரத்துக்கு 90 நிமிடம் முன்பே, 50 ஓட்டுக்குக் குறையாமல் மாதிரி வாக்குப்பதிவு நடத்துவார்கள். முகவர்கள் வராவிட்டால் 15 நிமிடம் பார்த்துவிட்டுத் தொடங்கிவிடலாம். பிறகு மாலை வரை உட்கார்ந்திருந்து, பதிவான ஓட்டுக் கணக்கை எழுதும் 17சி படிவத்தை நிரப்பி, இயந்திரத்துக்குச் சீல் வைத்துக்கொண்டு கிளம்புவார்கள். மக்களவைத் தேர்தலில் பணிச் சான்று வைத்திருக்கும் அலுவலர்கள் அந்த பூத்திலேயே ஓட்டுப் போட முடியும். ஊரே புறக்கணித்தும் "4 ஓட்டுப் பதிவு" என்று செய்தி வருவது பல நேரம் இப்படித்தான். ஊருக்குள் எவன் துரோகி என்று தேடிச் சண்டை போட்டுக்கொள்ளாதீர்கள்.

இத்தனை சதவீதம் பதிவானால்தான் தேர்தல் செல்லும் என்று நம் சட்டத்தில் எங்கும் இல்லை. 2017 ஸ்ரீநகர் மக்களவை இடைத்தேர்தலில் பதிவானது ஏறக்குறைய 7 சதவீதம். அதில் ஜெயித்தவரும் முழு எம்பிதான்.

செம்மண்

செல்லாது என்று யார் சொன்னது? ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கொடியின் நிறம் மாறுது, வரத்துக்கால் மாறல. எங்கள் பங்கு இதில் இல்லை என்று சொல்வதுதான் நோக்கம். ஜெயிக்கிறவனைத் தடுப்பதற்காக யாரும் கறுப்புக்கொடி கட்டுவதில்லை.

பதினேழு_சி

நோக்கம் அதுதான் என்றால் சட்டத்தில் அதற்கே வழி இருக்கிறது தம்பி. 1961 தேர்தல் நடத்தை விதிகளில் 49-ஓ. பூத்துக்குப் போய், ஓட்டுப் போட வந்தவர்களைக் குறிக்கும் 17ஏ பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபின் "ஓட்டளிக்க விரும்பவில்லை" என்று சொன்னால், தலைமை அலுவலர் குறிப்பு எழுதி மறுபடி கையெழுத்து வாங்குவார். அந்த எண்ணிக்கைக்கு 17சியில் தனி வரி உண்டு. குறை என்னவென்றால் ரகசியம் போய்விடும், உள்ளே உட்கார்ந்திருக்கும் அத்தனை முகவருக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பர் 27 தீர்ப்பில் நோட்டாப் பொத்தானைக் கொண்டுவரச் சொன்னது.

நோட்டாவும் முடிவை மாற்றாது. 2024இல் இந்தூரில் நோட்டாவுக்கு 2,18,674 ஓட்டு. ஜெயித்தவரின் வித்தியாசம் 11 லட்சத்துக்கு மேல். அதே வருஷம் சூரத்தில் ஒரே வேட்பாளர் மிஞ்சியதால் போட்டியின்றித் தேர்வு, நோட்டாப் பொத்தானை அமுக்கவே வாய்ப்பில்லாமல் போனது. டெபாசிட் கணக்கிலும் நோட்டா சேராது, செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத்தான் பார்ப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. புறக்கணிப்பால் மொத்த ஓட்டுக் குறைந்தால் அந்த ஆறில் ஒரு பங்கும் குறையும். டெபாசிட் போக வேண்டிய ஆளுக்கு நாமே காப்பாற்றிக் கொடுத்ததாக ஆகலாம்.

ஆனால் வீட்டிலேயே இருப்பதற்கும் நோட்டாவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வராதவர் ஊரில் இல்லாதவரோடு கலந்துவிடுவார். நம் சீமையில் பட்டியலில் பெயர், சென்னையிலோ சிங்கப்பூரிலோ வாசம் என்பது எத்தனை வீட்டில்! உங்கள் 1,740 பேரில் போன தேர்தலில் 1,180 பேர் போட்டிருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை 700 என்றால், "1,040 பேர் புறக்கணிப்பு" என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மையில் உங்கள் போராட்டத்தால் குறைந்தது 480தான், மிச்சம் 560 பேர் எப்போதுமே வராதவர்கள். எதிராளி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பார். பூத்வாரியான பழைய எண்ணிக்கை படிவம் 20இல் இருக்கும், தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் எடுக்கலாம். கொடி வாங்குவதற்கு முன்னால் அதை எடுங்கள்.

வளவு

பழைய கணக்கு ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1920இல் ஒத்துழையாமையின் பேரில் காங்கிரஸ் சட்டசபைத் தேர்தலைப் புறக்கணித்தது. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. அது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். புறக்கணித்தவர்களிலேயே ஒரு பகுதியினர் மூன்றே வருஷத்தில் சுயராஜ்யக் கட்சி என்று சொல்லிச் சபைக்குள் போகக் கிளம்பினார்கள். 2005 இலங்கை அதிபர் தேர்தல் இன்னும் கசப்பு. வடக்கில் தமிழர் ஓட்டு ஏறக்குறைய விழவே இல்லை. மகிந்த ராஜபக்ச 50.29 சதவீதத்தில், இரண்டு லட்சத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் வந்தார். அதன்பின் நடந்ததை இங்கே எழுத வேண்டியதில்லை.

வரத்துக்கால்

புறக்கணிப்பு அறிவிப்பு பேரம் பேசும் கருவி. அதற்கு விலை இருப்பது வாக்குப்பதிவு நாள் மாலை வரைதான், மறுநாள் காலை அதைச் சீந்த ஆளிருக்காது. அதனால் எப்போது அறிவிக்கிறோம் என்பதுதான் முக்கியம். இங்கேதான் பெரும்பாலான ஊர் தவறுகிறது.

தேர்தல் தேதி அறிவித்தவுடன் நடத்தை விதி வந்துவிடும். புதிய வேலைக்கு அனுமதி கிடையாது. பணி ஆணை கொடுத்திருந்தாலும் களத்தில் மண்வெட்டி விழாத வேலையைத் தொடங்கக் கூடாது. அந்த நேரத்தில் கொடி கட்டினால் பேச்சுவார்த்தைக்கு வரும் தாசில்தார், பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) கையில் "தேர்தல் முடிந்ததும் பார்க்கிறோம்" என்ற வாயுறுதி தவிர ஒன்றும் இருக்காது. அவர்களைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. குறைந்தது ஆறு மாதம் முன்னால் தொடங்க வேண்டும்.

அடுத்தது, யாரிடம் கேட்கிறீர்கள்? கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதில் பாயும் நிலம், 100 ஏக்கருக்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம், மேலே என்றால் நீர்வளத்துறை. நீர்வளத்துறைக் கால்வாய்க்கு பிடிஓவிடம் பத்து வருஷம் மனுக் கொடுத்த ஊர்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் "உரிய துறைக்கு அனுப்பப்பட்டது" என்று பதில். வரத்துக்காலின் சர்வே எண்களைப் பிடியுங்கள். நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேடும், அளவு காட்டும் புலப்படமும் இணையத்திலேயே எடுக்கலாம். நாலு அடைப்பும் எந்த எண்ணில், புறம்போக்கிலா பட்டாவிலா என்று குறியுங்கள். பட்டாவுக்குள் என்றால் கதையே வேறு, அதை ஆக்கிரமிப்பு என்று சொல்லிக் கொடி கட்டினால் முதல் பேச்சுவார்த்தையிலேயே கவிழ்வீர்கள்.

புறம்போக்கு என்றால் ஒரு வழி இருக்கிறது. "வரத்துக்காலைத் தூர்வாரு" என்பது நிதி கேட்கும் கோரிக்கை. அதற்கு மதிப்பீடு, நிர்வாக அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று நாலு படி. "அளந்து, ஆக்கிரமிப்பாளருக்கு நோட்டீஸ் கொடு" என்பது நிதி கேட்காது. 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி 7ஆம் பிரிவு நோட்டீஸ், பிறகு 6ஆம் பிரிவு வெளியேற்றம். நீர்வளத்துறைக் கண்மாய் என்றால் 2007 சட்டம் ஒன்று தனியாக உண்டு. இது புதுத் திட்டம் ஆகாது, நடத்தை விதியைச் சாக்குச் சொல்வது கடினம். சர்வேயர் தேர்தல் வேலையில் இருக்கிறார் என்பார்கள், அதற்குத் தேதி கேளுங்கள்.

ஊருணிக்கரை

கிராமசபையில் தீர்மானம் போடலாமா அண்ணே?

வரத்துக்கால்

போட வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் வருகிறது. குறைவெண்ணைப் பாருங்கள்: மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர். வருகைப் பதிவேட்டில் அத்தனை கையெழுத்து இல்லையென்றால் தீர்மானத்துக்கு மதிப்பில்லை. தீர்மானப் புத்தகத்தில் எழுதியபின் பக்கத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். "ஓட்டுப் போட மாட்டோம்" என்று கிராமசபையில் தீர்மானம் போடாதீர்கள். அது கிராமசபையின் வேலையும் இல்லை, எழுதுகிற செயலரும் மாட்டிக்கொள்வார். சர்வே எண்ணோடு கோரிக்கை மட்டும் போதும். அதோடு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு தகவல் உரிமை மனு. முந்தைய மனுக்கள் எந்த மேசையில் இருக்கின்றன என்று 30 நாளில் பதில் வர வேண்டும்.

தேவகோட்டையில் கோட்டாட்சியர் முன் அமைதிக் கூட்டம் வைத்தால், கூட்டக் குறிப்பில் துறை, அலுவலர் பதவி, தேதி மூன்றும் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். "விரைவில்" என்ற சொல்லை அடிக்கச் சொல்லுங்கள்.

முகப்புத்_திண்ணை

எல்லாரும் தாளைப் பற்றியே பேசுகிறீர்கள். "ஊர் முடிவு" என்றால் யார் முடிவு? மூன்று குக்கிராமத்தில் காலனி வீடுகளைக் கேட்டீர்களா? பொட்டலில் பெண்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்?

இந்தச் சீமையில் விலக்கு என்ற ஆயுதத்துக்கு நல்ல பெயர் கிடையாது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர் தங்க நகை போடக் கூடாது, சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது என்று எட்டுத் தடை விதித்தார்கள், அடுத்த வருஷம் அது பதினொன்றானது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. தேர்தல் புறக்கணிப்பே ஒடுக்குமுறையானதும் பக்கத்தில்தான். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக 1996இலிருந்து பத்து வருஷம் தேர்தலை நடக்கவே விடவில்லை. 2006இல்தான் நடந்தது.

ஓட்டுப் போடப் போகிறவரை ஒருவரும் தடுக்கக் கூடாது. போடுவதும் போடாமலிருப்பதும் அவரவர் உரிமை என்றுதான் சட்டம் சொல்கிறது. மிரட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா 171, 174 பிரிவுகளின்படி ஒரு வருஷம் வரை சிறை. ஐயனார் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் வாங்குவது நம் ஊர் வழக்கம், ஆனால் "சாமி குத்தம் வரும்" என்று பயமுறுத்துவதும் அதே 171இல் குற்றம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். பட்டியல் சாதியினரை ஓட்டுப் போடக் கூடாது என்று மிரட்டினாலோ, போட்டதற்காகக் கடையில் சாமான் தர மறுத்தாலோ வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3ஆம் பிரிவு வரும். அபராதம் போடுவது, நல்லது கெட்டதுக்குப் போகாமல் ஒதுக்குவது என்று எவனாவது பேச்செடுத்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

செம்மண்

ஆச்சி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் எல்லாரையும் தனித்தனியாகக் கேட்டால் ஒரு ஊரும் எழும்பாது.

முகப்புத்_திண்ணை

கேட்டால் எழும்பாத ஊர் மிரட்டினால் எழும்பி என்ன பயன்? கோயில் காரியத்துக்குப் புள்ளிக் கணக்கு எடுக்கிறோமே, அதுபோல வீடுவீடாகக் குறிப்பெடுங்கள். யார் சேர்கிறார்கள், யார் இல்லை. இல்லை என்பவரிடம் மறுகேள்வி வேண்டாம், அந்தத் தாளை வாட்ஸ்அப்பில் போடவும் வேண்டாம்.

சந்தைப்பேட்டை

கடை விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டை ஐந்து வருஷத்துக்கு ஒருநாள் எண்ணுகிறார்கள். கல்லாவைத் தினம் ராத்திரி எண்ணுகிறார்கள். அதனால் கடைப் புறக்கணிப்புக்குக் காது சீக்கிரம் கேட்கும். ஆனால் நடத்துவது கடினம்.

முதல் தடங்கல் பற்று நோட்டு. அந்த மளிகைக்கடையில் எத்தனை வீட்டுக்குக் கடன் நிற்கிறது? கடன் நிற்கிற வீடு புறக்கணிக்க முடியாது, மறுநாளே பாக்கியைக் கேட்பார். பாக்கி உள்ளவர்களை விட்டுவிடுங்கள், அல்லது பாக்கி அடைத்தபின் நாள் குறியுங்கள். அடுத்தது மாற்று. "வாங்காதே" என்று மட்டும் சொன்னால் நாலாம் நாள் பருப்புத் தீர்ந்து பின்வாசல் வழியாகப் போவார்கள். அரிசியைப் புதுவயல் மில்லில் 26 கிலோ சிப்பமாகச் சேர்த்து எடுக்கலாம் (25 கிலோ வரைதான் ஜிஎஸ்டி, அதனால்தான் அந்த 26). எண்ணெய் 15 கிலோ டின் வாங்கிப் பிரிக்கலாம். பால், தீப்பெட்டி, மாத்திரை போன்ற அவசரச் சாமானுக்கு ஊருக்குள் வேறு ஒரு சின்னக் கடையாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் தொடங்காதீர்கள்.

நாள் குறிப்பதிலும் சூட்சுமம் உண்டு. ஆடியில் தொடங்கினால் வியாபாரம் தானாகவே படுத்திருக்கும், புறக்கணிப்பால் குறைந்ததா என்று கடைக்காரருக்கே தெரியாது. ஒன்றாம் தேதிக்கும் பத்தாம் தேதிக்கும் நடுவில்தான் மாதச் சாமான் போகும், அந்தப் பத்து நாள் விற்பனை விழுந்தால் மாதக் கடைசியில் ஸ்டாக்கிஸ்டின் டார்கெட் வரை ஆடும். 400 வீடு, வீட்டுக்கு 4,000 ரூபாய் என்றால் 16 லட்சம். அதில் பாதி அந்தக் கடைக்குப் போகிறதென்றால் 8 லட்சம். லாபம் சராசரி எட்டு சதவீதம் என்றால் மாதம் 64,000. இந்தத் தொகை அவருக்குப் பெரிதா என்று யோசியுங்கள். ஒப்பந்த வேலையில் லட்சங்களில் பார்க்கிறவருக்கு மளிகைக்கடை சும்மா பெயருக்கு. பெட்ரோல் பங்கில் டீலருக்கு லிட்டருக்குச் சில ரூபாய்தான் கமிஷன், நெடுஞ்சாலை பங்க் என்றால் லாரிக்காரர்கள் போதும், உங்கள் டூவீலர் அவருக்குக் கண்ணிலேயே படாது. பங்கை விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி.

2017 பார்த்தீர்களே. ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று அறிவித்தன. பொவண்டோ போன்ற நம்மூர்ச் சரக்குக்கு நல்ல வரவேற்பு. சறுக்கியது எங்கே? கடையில் நிற்கும் குளிர்பெட்டி கம்பெனியுடையது, வேறு சரக்கு வைத்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். சொந்தப் பெட்டி வாங்கச் சின்னக் கடைக்கு முதல் இல்லை, எதிரே கோடைக்காலம். சினிமா தியேட்டரும் பெரிய சூப்பர் மார்க்கெட்டும் சங்கத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. இன்னொன்று, கோக்கை நிறுத்திவிட்டு மாசாவும் கின்லேயும், பெப்சியை நிறுத்திவிட்டு அக்வாஃபினாவும் குர்குரேயும் விற்றால் பணம் போவது அதே இடத்துக்குத்தான். எந்தப் பெயரெல்லாம் யாருடையது என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டாமல் தொடங்கவே கூடாது. உங்கள் ஊரிலும் அந்தக் கட்சிக்காரர் மச்சான் பெயரில் வேறு கடை வைத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

வளவு

சந்தைப்பேட்டை அண்ணே, வியாபாரிகள் சங்கமே சேர்ந்து ஒருவருக்குச் சரக்குத் தர மறுத்தால் சட்டச் சிக்கல் உண்டுதானே?

சந்தைப்பேட்டை

உண்டு. மருந்துக்கடைச் சங்கங்கள் இப்படிச் செய்ததற்குப் போட்டி ஆணையம் அபராதம் போட்டிருக்கிறது. வாங்குகிறவர்கள் வாங்காமலிருப்பதற்கு அது பொருந்தாது. ஆனால் கடை வாசலில் நின்று வருகிறவரை மறிக்கக் கூடாது. நோட்டீஸில் "கலப்படம்", "எடை குறைவு" என்று ஆதாரமில்லாமல் எழுதினால் அவதூறு வழக்கு வரும். "வரத்துக்கால் திறக்கும்வரை இந்தக் கடையில் வாங்குவதில்லை" என்று மட்டும் எழுதுங்கள்.

செம்மண்

சிம் கார்டு? 2024 ஜூலையில் கட்டணம் ஏறியபோது எல்லாரும் பிஎஸ்என்எல் போனார்களே. அதுமாதிரி ஊரோடு ஏதாவது ஒரு கம்பெனியை விட்டால்?

சந்தைப்பேட்டை

உங்கள் வரத்துக்காலுக்கும் சிம் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்? கோபத்தை அள்ளி எல்லாப் பக்கமும் இறைத்தால் எங்கும் நனையாது. பொதுவாகக் கேட்டால் சொல்கிறேன். எண்ணை மாற்றாமல் கம்பெனி மாற 1900க்குக் குறுஞ்செய்தி, வரும் குறியீடு நாலு நாள் செல்லும், மாறியபின் 90 நாள் திரும்ப மாற முடியாது. பழைய சிம்மை வங்கி ஓடிபிக்காக வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று வாங்கினால் பழைய கம்பெனிக்கு ஒரு ஆள்கூடக் குறையவில்லை என்றுதான் கணக்கு. அந்த ஜூலையில் பிஎஸ்என்எல்லுக்கு 29 லட்சம் பேர் கூடினார்கள், சிக்னல் கிடைக்காமல் பிற்பாடு திரும்பியவர்களும் உண்டு.

வளவு

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, புறக்கணிக்காமல் கூட்டமாக நிற்பது. 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்கள், வாக்குச்சீட்டு புத்தகமாகத் தைக்க வேண்டியதாயிற்று, தேர்தல் தள்ளிப்போனது. அன்றைக்கு டெபாசிட் 250 ரூபாய். அந்த வருஷமே 5,000 ஆக்கினார்கள், இப்போது சட்டமன்றத்துக்குப் பொதுப்பிரிவில் 10,000, சுயேச்சைக்குப் பத்து முன்மொழிபவர். 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 வேட்பாளர், பெரும்பாலும் மஞ்சள் வாரியம் கேட்ட விவசாயிகள், பூத்துக்குப் பன்னிரண்டு இயந்திரம். அந்த மாநில முதல்வரின் மகள் தோற்றார், மஞ்சள் வாரியம் 2025இல் அங்கேயே வந்தது. இப்போதைய இயந்திரம் நோட்டாவோடு 384 பெயர் வரை தாங்கும்.

ஊருணிக்கரை

384 பேருக்கு 10,000 என்றால் வரத்துக்காலை நாங்களே கான்கிரீட் போட்டுவிடலாம்.

இதுவரை எடுத்த குறிப்பு: கண்மாய் ஆயக்கட்டு 62 ஏக்கர், ஆக ஒன்றியம்தான். நாலு அடைப்பில் மூன்று புறம்போக்கு, ஒன்று பட்டாவுக்குள் வருகிறது, அதைக் கோரிக்கையிலிருந்து எடுக்கிறோம். அடுத்த கிராமசபையில் சர்வே எண்ணோடு தீர்மானம். பங்க் வேண்டாம் என்று இளவட்டங்களிடம் சொல்லியாச்சு, மளிகைக்கடை பற்றி ஆவணி முதல் தேதிக்குள் முடிவு செய்வதாகச் சொல்கிறார்கள். காலனியில் இன்னும் போய்க் கேட்கவில்லை, அது தப்புத்தான் ஆச்சி, ஞாயிற்றுக்கிழமை போகிறோம். ஒரு சந்தேகம் பாக்கி: வாக்குப்பதிவு நாளில் சாயங்காலம் எழுத்தில் உறுதி வந்துவிட்டால் கடைசி நேரத்தில் போய் ஓட்டுப் போட முடியுமா?

பதினேழு_சி

முடியும். முடிவு நேரத்துக்கு வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்னோக்கிச் சீட்டுக் கொடுத்துக்கொண்டு வருவார்கள். சீட்டு வாங்கியவர் ராத்திரி ஒன்பதானாலும் ஓட்டுப் போடலாம், அதற்குப் பிறகு வந்தவர் முடியாது. யாருக்குப் போட்டோம் என்று காட்டும் விவிபேட் தாள் மட்டுமே ஏழு விநாடி தெரியும், பதிவேட்டுக் கையெழுத்தும் மையும் சேர்த்து ஆளுக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு பூத்தில் 500 பேர் என்றால் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. முடிவு நேரம் ஆறு மணி என்றால், ஐந்தரைக்குள் பேச்சுவார்த்தை முடியாவிட்டால் பேசிக்கொண்டே வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். வரிசையில் நின்றபின்னும் போடாமல் திரும்பலாம், யாரும் கேட்க மாட்டார்கள். வயதானவர்களுக்கு நாற்காலியும் தண்ணீரும் ஏற்பாடு செய்துவிடுங்கள்.

இன்னொன்று. வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு வரும் பூத் அலுவலரைப் புறக்கணிக்காதீர்கள். ஓட்டுப் போடவில்லை என்பதற்காகப் பெயரை நீக்க முடியாது. படிவம் தராமல் விட்டு, "ஆள் இல்லை" என்று குறிக்கப்பட்டால் நீக்கலாம். பெயரே இல்லாதவர் புறக்கணிக்கிறேன் என்று சொல்ல முடியாது.